வெறுங்கை ஆசான் புனாகோஷி

கைகால்களால் அடித்துப் பொருதும் கலையொன்றைப் புதிதாகப் பயில விரும்பும் வாலிபர் உள்ளத்தில் முதலில் எழுவது ஒரு வினாவே. எந்தக் கலை எந்தக் கலையை வெல்லும் என்பதே அவ்வினா. குத்துச்சண்டையா, கராத்தேயா, தைக்குவொண்டோவா என்று நண்பர் கூடி வாதிடுவர். பெற்றோரோ, இவையெல்லாம் பிள்ளைகளை முரடராக்கிவிடும் என்று அஞ்சி, ஒன்றுமே வேண்டாம் என்பர். இவ்விரு சாராருக்கும் விடை கூறவல்ல வாழ்க்கையொன்று உண்டு. அது யப்பானில் கராத்தேக் கலையை வேரூன்றச் செய்த கிச்சின் புனாகோஷி அவர்களின் வாழ்க்கை.

யப்பானின் பெருந்தீவுகளுக்குத் தெற்கே கடல் நடுவே கிடப்பது ஒக்கினாவா. 1879ஆம் ஆண்டு யப்பானிய அரசு அதனைத் தன் மாகாணமாக இணைத்துக்கொள்ளும்வரை அது றியூக்கியூ என்னும் தனியரசாக விளங்கியது. சீனத்தோடு நெடுங்காலம் வாணிபமும் உறவும் கொண்டிருந்த அத்தீவில், நாட்டுக் கைச்சண்டை முறைகளும் சீனத்திலிருந்து வந்த முறைகளும் கலந்து ஒரு கலை வளர்ந்தது. அதனைக் கற்றோர் வெளியே சொல்வதில்லை. கற்பிப்போர் பகலில் கற்பிப்பதில்லை.

அத்தீவின் தலைநகரான சூரியில் 1868ஆம் ஆண்டு நவம்பர் 10ஆந் திகதி புனாகோஷி பிறந்தார். மாதம் நிறையுமுன் பிறந்த குழந்தை, நோஞ்சான். நெடுநாள் உயிர் தரியாது என்றே சுற்றத்தார் கருதினர். தாய்வழிப் பாட்டனும் பாட்டியுமே அவரை வளர்த்தனர். பாடசாலையில் அவரோடு படித்த தோழன் ஒருவனின் தந்தை அசாத்தோ என்பவர், உயர்குடிப் பிறந்தவர், கைச்சண்டையில் தேர்ந்த நிபுணர். அவரிடமே இந்நோயாளிச் சிறுவன் மாணாக்கனாய்ச் சேர்ந்தான். பிறரை வெல்லும் ஆசையால் அவன் அக்கலையைத் தேர்ந்தானில்லை. தன் உடலைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு உதவவல்ல நல்லாசான் ஒருவர் அயலில் இருந்தார். அவ்வளவே.

பயிற்சி இரவில் நடந்தது. கைவிளக்கொன்றுடன் நெடுவழி நடந்து ஆசான் வீடு செல்வார், விடியுமுன் திரும்புவார். இதைக் கண்ட அயலவர், பையன் தகாத இடங்களுக்குப் போய் வருகிறான் என்று கிசுகிசுத்தனராம். அங்கே நடந்ததோ வேறு. ஆசான் தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பார். மாணாக்கன் முற்றத்தில் நின்று, கற்பனை எதிரியோடு பொருதும் கத்தா என்ற அசைவுத் தொடர் ஒன்றனைச் செய்வான். மீண்டும் செய் என்பதே ஆசானின் கட்டளை. இப்படி ஒரே தொடரை நாள்தோறும் மாதக்கணக்கிற் செய்தாலன்றி அடுத்ததற்கு அனுமதி கிடையாது. மூன்று தொடர்களைக் கற்கப் பத்தாண்டுகள் சென்றன. ஆயினும் ஓரிரு ஆண்டுகளிலேயே உடல் தேறிவிட்டது.

அசாத்தோவின் நண்பர் இத்தோசுவும் அவருக்கு ஆசானாய் அமைந்தார். இவ்விருவரிடமும் பொறாமை என்பது மருந்துக்கும் இல்லை. தங்கள் மாணாக்கனைத் தாங்களே மற்றைய ஆசான்களிடம் அனுப்பி, அவரவரிடம் உள்ள சிறப்பைக் கற்று வரச் செய்தனர்.

வைத்தியராக வேண்டும் என்பது இளைஞர் புனாகோஷியின் விருப்பம். வயதெல்லைக்குள் அடங்குவதற்காகப் பிறந்த ஆண்டை 1870 என மாற்றி எழுதிப் பரீட்சையிற் சித்தியும் எய்தினார். ஆனால் குடுமி வைத்தோருக்கு வைத்தியக் கல்லூரியில் இடமில்லை. பழமை பேணும் குடும்பத்தாரோ குடுமியைக் களைய உடன்படவில்லை. வைத்தியப் படிப்பு அத்தோடு நின்றது. எனினும் 1888இல் உதவியாசிரியர் பதவி கிடைத்தபோது அவர் குடுமியைக் களைந்தார். வீட்டில் எழுந்த புயல் சிறிதன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் செய்தார். சொற்பச் சம்பளம்; பெரிய குடும்பம். மனைவி பகலில் தோட்டஞ் செய்தும் இரவில் துணி நெய்தும் குடும்பத்தைத் தாங்கினார்.

அக்காலத்து நிகழ்ச்சியொன்றை அவரே தம் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். முன்னோர் பீடத்திற் படைப்பதற்குரிய பணியாரத்துடன் ஒருநாள் அந்தி வேளையில் தனிவழி சென்றபோது இருவர் மறித்தனர். அவர்களை வீழ்த்த அவருக்கு ஆற்றல் இருந்தது. ஆயினும் பணியாரத்தைக் கொடுத்துவிட்டு நடந்தார். ஆசான்களிடம் இதனைக் கூறியபோது அவர்கள் கோழையென்று இகழவில்லை. கற்றதன் பயனை அடைந்துவிட்டாய் என்று மகிழ்ந்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தோசுவின் முயற்சியால், இரவில் மறைந்திருந்த கலை ஒக்கினாவாப் பாடசாலைகளில் உடற்பயிற்சியாக நுழைந்தது. 1921இல் அவ்வழி சென்ற முடிக்குரிய இளவரசர் ஹிரோஹிதோவின் முன் சூரிக் கோட்டையில் அது செய்து காட்டப்பட்டது. மறு ஆண்டு தோக்கியோவில் கல்வியமைச்சு நடத்திய உடற்பயிற்சிக் கண்காட்சிக்குப் புனாகோஷி அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. காட்டிவிட்டு ஊர் திரும்புவதே அவர் எண்ணம்.

அவரை நிறுத்தியவர் யூடோக் கலையின் தந்தையாகிய ஜிகோரோ கானோ. தம் கலைக்கு ஊறு வருமென்று அஞ்சாமல், தம்முடைய கொதோக்கான் மண்டபத்துக்கே புனாகோஷியை அழைத்து, அப்புதுக்கலையைச் செய்து காட்டும்படி வேண்டினார். அந்த ஆதரவால் ஊக்கம் பெற்ற புனாகோஷி தோக்கியோவிலே தங்கத் துணிந்தார்.

துணிவு எளிது, வாழ்வு எளிதன்று. ஒக்கினாவா மாணவர் விடுதியொன்றில் சிறு அறை கிடைத்தது. பகலிற் காவலாளியும் தோட்டக்காரனும் அவரே. அறைகளைக் கூட்டுபவரும் அவரே. மாலையில் அவ்விடுதி மண்டபத்திற் கராத்தே கற்பித்தார். உணவுச் செலவைக் குறைக்க விடுதிச் சமையற்காரருக்கும் பாடஞ் சொல்லிக் கொடுத்தார். மனைவியை வருமாறு எழுதியபோது, முன்னோர்க்கு ஆற்றவேண்டிய கடன்கள் ஊரிலேயே உள்ளன என்று அவ்வம்மையார் வர மறுத்துவிட்டார். ஒரு கலை புதுமண்ணில் வேர்விட, ஒரு குடும்பம் இரு கரைகளிற் பிரிந்து வாழ்ந்தது.

1924இல் கெய்யோ சர்வகலாசாலையிற் கராத்தேக் கழகம் தோன்றியது. வெள்ளுடையும் இடைவாரும் தரவரிசையும் யூடோவிலிருந்து வந்து சேர்ந்தன. கராத்தே என்ற சொல் அதுவரை சீனக்கை என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதப்பட்டது. அதே ஒலியுடைய வேறெழுத்தால் வெறுங்கை என்று பொருள்பட எழுதும் முறையை அவர் நிலைநாட்டினார். ஆயுதம் ஏந்தாத கை என்பதோடு, தன்னலமும் தீய எண்ணமும் ஒழிந்த உள்ளம் என்றும் அதற்குப் பொருள் விரித்தார். ஒக்கினாவாவில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. யப்பான் சீனத்தின்மீது பகைமை வளர்த்த 1930ஆம் ஆண்டுகளிலேயே இம்மாற்றம் நிலைபெற்றது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அவருக்குப் பெரிய துயரம் தந்தவர் அவருடைய மாணாக்கரே. கத்தா மட்டும் செய்வதில் சலிப்படைந்த சர்வகலாசாலை வாலிபர் சிலர், காப்புக்கவசம் அணிந்து ஒருவரையொருவர் மெய்யாகவே அடித்துப் பொருதத் தொடங்கினர். கலை வெறும் போட்டியாகிவிடும் என்று அஞ்சிய ஆசான் அக்கழகத்தை விட்டே விலகினார்.

1930களின் பிற்பகுதியில் அன்பர்கள் பொருள் திரட்டி அவருக்கெனப் பயிற்சி மண்டபம் ஒன்று கட்டினர். சோத்தோ என்பது அவர் கவிதை எழுதும் புனைபெயர். ஊர்மலைப் பைன் மரங்களிற் காற்றெழுப்பும் அலையோசை என்பது பொருள். மண்டபம் சோத்தோக்கான் எனப் பெயர் பெற்றது. 1945இல் விமானக் குண்டுவீச்சில் அது எரிந்தது. அதே ஆண்டில் அவருக்கு வலக்கையாயிருந்த மகன் கிகோ காசநோயால் இறந்தார். மாணாக்கர் பலர் போரில் மாண்டனர். ஒக்கினாவாப் போரிலிருந்து தப்பிக் கியூசு தீவில் அகதியாயிருந்த மனைவியை முதியவர் சென்றடைந்தார். 1947இல் அவ்வம்மையாரும் காலமாகவே, தனியராய்த் தோக்கியோ திரும்பி மீண்டும் கற்பித்தார். 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆந் திகதி தமது எண்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். அவ்வாண்டிலேயே யப்பானியக் கராத்தேச் சங்கம் தன் முதற் போட்டியை நடத்தியது.

தோக்கியோவில் 2021இல் நடந்தேறிய ஒலிம்பிக் விழாவிற் கராத்தேக்கும் இடம் கிடைத்தது. 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் விழாவில் அது இடம்பெறவில்லை. தோக்கியோவில் ஆடவர் கத்தாப் பிரிவில் தங்கப் பதக்கம் பெற்றவர் ஒக்கினாவாவைச் சேர்ந்த ரியோ கியூனா. எதிரியை அடித்தல்ல, பல்லாயிரம் முறை பயின்ற அசைவுத் தொடரைப் பிழையறச் செய்தே அவர் அப்பதக்கத்தை வென்றார்.

ஆதலால், புதிய கலையொன்றைத் தேர்ந்தெடுக்கப் புறப்படும் இளைஞர் முதலில் அதன் பெயரைப் பார்க்க வேண்டியதில்லை. பயிற்சிக்கூடத்துக்குச் சென்று ஒரு மாலைப்பொழுது ஓரமாய் அமர்ந்திருங்கள். அங்கே பலவீனமான பிள்ளை ஏளனஞ் செய்யப்படுகிறானா, தேற்றப்படுகிறானா? ஆசான் பிற ஆசான்களைப் பழிக்கின்றாரா, மதிக்கின்றாரா? ஒரு சிறு அசைவைத் திருத்தமாய்ச் செய்விக்க அவருக்குப் பொறுமை உண்டா? சண்டையிடாமல் விலகி வந்த மாணாக்கனை அவர் மெச்சுவாரா? இவற்றிற்கு நல்ல விடை கிடைக்குமாயின் அக்கலை எந்நாட்டதாயினும் பயிலத் தக்கதே. பெற்றோரும் அங்கே பிள்ளைகளை அச்சமின்றி அனுப்பலாம். அடிக்க வலிமை பெற்ற கை, அடியாமல் அடங்கி நிற்கவும் அங்கே கற்றுக்கொள்ளும்.