நாய்க்குக் கட்டுப்போட்ட நைட்டிங்கேல்

ஆஸ்பத்திரிக்குள் நாய் வரலாமா? நம் ஊர்களில் வாசல் படியில் வந்து படுத்தாலே காவலாளி கம்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல ஆஸ்பத்திரிகளில் நாய்கள் வார்டுக்குள்ளேயே வந்து போகின்றன. டாக்டர்களின் அனுமதியோடுதான் வருகின்றன. குளித்து, முடி வாரி, அடையாளப் பட்டை கட்டிக்கொண்டு, எஜமானரின் பக்கத்திலேயே நடந்து வருகின்றன. நோயாளி கையை நீட்டினால் கட்டிலோரம் தலையை வைத்துக் கொடுக்கின்றன. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகின்றன. நாய்க்கும் சம்பளம் இல்லை. அழைத்து வருகிறவருக்கும் சம்பளம் இல்லை. இருவரும் தொண்டர்கள்.

இந்த வழக்கத்தின் கதையைச் சொல்லும்போது முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று நமக்கெல்லாம் தெரிந்த பெயர். பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த பெயர். கைவிளக்கு ஏந்திய காரிகை என்று புகழப்படும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்தான் அவர்.

சுத்தம், சுத்தம் என்று உலகத்துக்கே பாடம் சொன்னவர் அவர். அவரே நோயாளியின் பக்கத்தில் ஒரு சின்னப் பிராணிக்கு இடம் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்பதை அவரது வாழ்க்கையைப் பார்த்தால்தான் புரியும்.

ஆட்டிடையனின் நாய்

புளோரன்ஸ் 1820-ம் ஆண்டு மே 12-ந் தேதி பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்துக்காரர்கள். பெரும் செல்வந்தர்கள். இத்தாலி நாட்டில் பயணம் செய்துகொண்டிருந்தபோது புளோரன்ஸ் நகரத்தில் குழந்தை பிறந்தது. அதனால் அந்த நகரத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். அக்காவின் பெயர் பார்த்தினோப். அவள் நேப்பிள்ஸ் நகரில் பிறந்தவள். நேப்பிள்சின் பழைய கிரேக்கப் பெயர்தான் பார்த்தினோப்.

தகப்பனார் வில்லியம் நைட்டிங்கேல் படித்தவர். இரண்டு பெண்களுக்கும் தாமே ஆசிரியராக இருந்து கிரேக்கம், லத்தீன், சரித்திரம் எல்லாம் கற்றுக் கொடுத்தார். கணக்கில் புளோரன்சுக்கு அலாதி ஆசை.

அவரது வரலாறு எழுதியவர்கள் விடாமல் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. புளோரன்ஸ் சிறு பெண்ணாக இருந்த காலம். ஊர்ப் பாதிரியாருடன் குதிரையில் போய்க்கொண்டிருந்தாள். வழியில் ரோஜர் என்ற கிழட்டு இடையன் ஆடுகளை ஒன்றுசேர்க்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான். எப்போதும் அவனுடன் இருக்கும் கேப் என்ற நாயைக் காணவில்லை. விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. போக்கிரிப் பிள்ளைகள் கல்லால் அடித்ததில் நாயின் கால் போய்விட்டதாம். வேலை செய்யாத நாய்க்குச் சோறு போட ஏழை இடையனால் முடியாது. சாயங்காலம் கயிற்றில் தொங்கவிட்டு அதன் கதையை முடித்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்திருந்தான்.

புளோரன்சுக்கு மனம் பொறுக்கவில்லை. இடையனின் குடிசைக்குப் பாதிரியாரை அழைத்துக்கொண்டு போனாள். பாதிரியாருக்குக் கொஞ்சம் வைத்தியம் தெரியும். காலைத் தடவிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, பலமான அடிதான் என்றார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் போதும். புளோரன்ஸ் அடுப்பை மூட்டி நீர் காய்ச்சினாள். துணிக்கு எங்கே போவது? குடிசையில் தொங்கிய இடையனின் பழைய மேலங்கியைக் கிழித்துக்கொண்டாள். நாயின் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கயிற்றுடன் திரும்பி வந்த ரோஜரைப் பார்த்து நாய் வாலை ஆட்டியது. சில நாளில் ஆடு மேய்க்கக் கிளம்பிவிட்டது.

அவர் பார்த்த முதல் நோயாளி ஒரு நாய் என்று வேடிக்கையாகச் சொல்வது இதனால்தான்.

சட்டைப் பையில் ஆந்தை

1837-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி, 16 வயதில், கடவுள் தம்மைத் தொண்டுக்கு அழைத்ததாகப் புளோரன்ஸ் உணர்ந்தார். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதே அந்தத் தொண்டு என்று பின்னால் தெளிந்தார். வீட்டில் பெரும் எதிர்ப்பு. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி நர்சு வேலை என்றால் இழிவான வேலை. குடிப்பவர்கள், கதியற்றவர்கள் செய்யும் வேலை என்று பெயர். 1845-ல் சாலிஸ்பரி ஆஸ்பத்திரியில் வேலை பழகப் போகிறேன் என்றபோது தாயார் கொதித்துப் போனார். புளோரன்ஸ் கல்யாணமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பல வருடம் வீட்டுக்குள்ளேயே மனம் வெதும்பிக் கிடந்தார்.

1849-50-ல் நண்பர்களுடன் எகிப்துக்கும் கிரேக்க நாட்டுக்கும் போனார். ஏதென்ஸ் நகரத்துப் பழங்கோயில் அருகே சில பையன்கள் கூட்டிலிருந்து விழுந்த ஆந்தைக் குஞ்சை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதை மீட்டு வந்து அதீனா என்று பெயர் வைத்தார். கைக்கு அடக்கமான குஞ்சு. அம்மையாரின் சட்டைப் பையிலேயே ஊர் சுற்றியது. வருகிறவர்களைக் கொத்துவது அதற்கு வழக்கம்.

அடுத்த ஆண்டு ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதம் நர்சு பயிற்சி பெற்றார். 1853-ல் லண்டன் ஹார்லி தெருவில் பெண்களுக்கான சிறிய ஆஸ்பத்திரிக்குத் தலைவியானார்.

1854-ல் கிரிமியா போரில் இங்கிலாந்து இறங்கியது. காயம்பட்ட சிப்பாய்களைக் கவனிக்க ஆளில்லை என்று பத்திரிகைகள் எழுதின. போர் மந்திரி சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரின் உதவியைக் கேட்டார். புறப்படும் அவசரத்தில் வீட்டார் ஆந்தையை மறந்துவிட்டார்கள். மாடி அறையில் அது செத்துக் கிடந்தது. நாட்டையே தாங்கப் புறப்பட்டவர் அந்தச் சின்ன உடலைக் கையில் வாங்கிக் கண்ணீர் விட்டார். பிற்பாடு அக்கா பார்த்தினோப் அந்த ஆந்தையின் கதையைப் படங்களுடன் ஒரு சிறு புத்தகமாக எழுதித் தங்கைக்குக் கொடுத்தார்.

ஸ்குட்டாரி

38 பெண்களுடன் புறப்பட்ட அம்மையார் 1854-ம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் துருக்கியில் உள்ள ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். பெயர்தான் ஆஸ்பத்திரி. தரைக்குக் கீழே சாக்கடை. படுக்கையில் பேன். எங்கும் எலி. போர்க்களத்துக் காயத்தால் செத்தவர்களைவிடக் காலராவாலும் காய்ச்சலாலும் செத்தவர்களே அதிகம். அம்மையார் துணி வெளுக்க ஏற்பாடு செய்தார். நல்ல சமையலுக்கு வழி செய்தார். இரவில் விளக்குடன் கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்த்தார். 1855 மார்ச்சில் அரசாங்கத்தின் சுகாதாரக் குழு வந்து சாக்கடையையும் தண்ணீரையும் சீர் செய்தது. பிப்ரவரியில் நூற்றுக்கு 42 ஆக இருந்த சாவு விகிதம் ஜூனில் 2 ஆக இறங்கியது. எண்ணிக்கை சொன்ன இந்தப் பாடத்தை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

உடம்பை மட்டும் அவர் கவனிக்கவில்லை. படுத்திருப்பவனின் மனம் ஊரில் இருக்கிறது என்பதை அறிந்தவர் அவர். எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இறந்தவனின் தாய்க்கு அவனது கடைசி நேரம் எப்படி இருந்தது என்று தம் கைப்பட எழுதினார். சிப்பாய்கள் சம்பளத்தைக் குடித்தே தீர்ப்பார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். வீட்டுக்கு அனுப்ப வசதி செய்து கொடுத்தால் அனுப்புவார்கள் என்றார் அம்மையார். 1856-ல் மணியார்டர் வசதி வந்தது. ஆறு மாதத்துக்குள் 71 ஆயிரம் பவுன் ஊர் போய்ச் சேர்ந்தது. தூர தேசத்தில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

போர் முடிந்து 1856 ஆகஸ்டில் ஆரவாரமில்லாமல் வீடு திரும்பினார். போரிலிருந்து அவர் கொண்டுவந்த செல்வம் ஒற்றைக்கால் மாலுமிப் பையன் ஒருவன், அனாதையான ரஷியப் பையன் ஒருவன், சிப்பாய்கள் கொடுத்த பெரிய நாய்க்குட்டி ஒன்று. இவ்வளவுதான்.

படுக்கையில் இருந்து எழுதிய புத்தகம்

கிரிமியாவில் கண்ட காய்ச்சல் அவரை விடவில்லை. 1857-ல் உடல் அடியோடு தளர்ந்தது. அதன் பிறகு பல வருடங்கள் அறைக்குள்ளேயே, பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தன. ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்தவர் இப்போது தாமே நோயாளி.

அந்த நிலையில் எழுதியதுதான் நர்சிங் பற்றிய குறிப்புகள் என்ற சிறு நூல். 1859 கடைசியில் எழுதி முடித்து 1860-ல் வெளியானது. காற்று, வெளிச்சம், சத்தமின்மை, சுத்தமான படுக்கை, நர்சு அடிக்கடி கை கழுவ வேண்டிய அவசியம் எல்லாம் அதில் உண்டு. அவற்றுக்கிடையே சில வரிகளில் பிராணிகளைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். நீண்ட நாள் நோயாளிக்கு ஒரு சின்னப் பிராணி மிக நல்ல துணை என்பது அவர் கருத்து. வருடக்கணக்கில் ஒரே அறையில் கிடப்பவருக்குக் கூண்டுப் பறவை ஒன்றே சந்தோஷமாக இருப்பதும் உண்டு என்றார். அதற்குத் தீனி வைப்பதையும் கூட்டைச் சுத்தம் செய்வதையும் நோயாளியே செய்யட்டும், செய்யும்படி ஊக்கப்படுத்த வேண்டும் என்றும் எழுதினார். நர்சும் நாயும் தம்மைக் கவனித்துக்கொண்டதில் நாயின் கவனிப்பே மேல், ஏனென்றால் அது பேசவில்லை என்று ஒரு நோயாளி சொன்னதையும் குறித்து வைத்தார்.

சிரிப்பு வரலாம். ஆனால் படுத்துக் கிடந்தவருக்குத்தான் இது தெரியும். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கேள்வி கேட்கிறார்கள். யோசனை சொல்கிறார்கள். முகத்தைப் பார்த்துப் பொய் தைரியம் சொல்கிறார்கள். இதனால் நோயாளி களைத்துப் போகிறார் என்று அந்த நூலில் ஒரு பகுதியே எழுதியிருக்கிறார் அம்மையார். நாய் இதில் எதையும் செய்வதில்லை. வந்து பக்கத்தில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. படுத்த நாள் முதல் எல்லாரிடமும் வாங்கிக்கொண்டே இருப்பவர் நோயாளி. ஒரு பிடி தீனி வைக்கும்போது அவரும் ஒரு உயிருக்குக் கொடுப்பவர் ஆகிறார்.

அம்மையாரின் அறையில் பூனைகள் இருந்தன. வாழ்நாளில் வளர்த்தவை 60-க்கும் மேல். ஒன்றுக்கு ஜெர்மன் தலைவர் பிஸ்மார்க்கின் பெயர். அவருடைய காகிதங்கள் சிலவற்றில் பூனையின் பாதச் சுவடு இன்றும் தெரிகிறது.

இந்தியாவுக்கு வராமலே

அந்தப் படுக்கையிலிருந்து அவர் செய்த வேலை மலைப்பைத் தரும். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரால் நர்சு பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. இந்தியாவில் இருந்த ராணுவத்தின் சுகாதாரம் பற்றி 1863-ல் வெளியான அறிக்கையில் அவர் உழைப்பு பெரிது. ஆயிரத்துக்கு 69 சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தது பத்தாண்டில் 18 ஆகக் குறைந்ததை அவரே எடுத்துக் காட்டினார். பிறகு கவனம் கிராமத்து ஏழைகள் பக்கம் திரும்பியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தின்போது பாசனத்துக்காக வாதாடினார். கொள்ளிடத்தில் அணை கட்டிய சர் ஆர்தர் காட்டன் அவருக்கு இதில் துணை. இந்தியாவை அவர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

விதை முளைத்தது

பிராணிகளைப் பற்றி அவர் எழுதிய வரிகளை நெடுநாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1961-ல் நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற மனநல நிபுணர், யாரிடமும் ஒட்டாத சிறுவன் ஒருவன் தம் நாய் ஜிங்கிள்சுடன் ஒட்டிக்கொண்டதைச் சபையில் சொன்னார். சகாக்களில் சிலர் கேலி செய்தார்கள். எலைன் சுமித் என்ற அமெரிக்க நர்சு இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது, ஒரு பாதிரியார் நாயுடன் வார்டுக்கு வருவதையும் நோயாளிகளின் முகம் மலர்வதையும் கவனித்தார். ஊர் திரும்பி 1976-ல் நியூஜெர்சியில் தொண்டு நாய்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். 1983-ல் இங்கிலாந்திலும் அப்படி ஒரு சங்கம் பிறந்தது.

இதற்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. எல்லா நாயும் வந்துவிட முடியாது. தேவையான தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். சத்தத்துக்கு மிரளாத, கடிக்காத சுபாவம் உள்ளதா என்று சோதித்துப் பார்ப்பார்கள். எஜமானர் கையில் கயிறு இருந்தே ஆக வேண்டும். நோயாளிக்கு விருப்பம் இல்லை என்றால் அந்தக் கட்டில் பக்கம் போகக்கூடாது. ஆறாத புண் உள்ளவர்களிடமும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடமும் விடுவதில்லை. தொட்டவர் கை கழுவ வேண்டும். இத்தனை விதிகளையும் பார்த்திருந்தால் அம்மையார் மகிழ்ந்திருப்பார். நாய் வந்ததால் வியாதி தீரும் என்று டாக்டர்கள் சொல்வதில்லை. பயமும் தனிமையும் கொஞ்சம் குறையும். நாள் கணக்கில் படுத்திருப்பவருக்கு அது சின்ன விஷயம் அல்ல.

1907-ல் ஆர்டர் ஆப் மெரிட் என்ற உயர்ந்த விருது அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. அதற்குள் கண் பார்வை போய்விட்டது. 1910-ம் ஆண்டு ஆகஸ்ட் 13-ந் தேதி 90-வது வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய இடம் கொடுத்தார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லி, ஈஸ்ட் வெல்லோ என்ற கிராமத்துக் கோயிலில் அடக்கம் செய்தார்கள். கல்லில் முழுப் பெயர்கூட இல்லை. பெயரின் முதல் எழுத்துகளும் பிறப்பு, இறப்பு விவரமும்தான். லண்டனில் அவர் பெயரால் உள்ள காட்சிசாலையில், பாடம் செய்யப்பட்ட ஆந்தை அதீனாவை இன்றும் பார்க்கலாம். அவர் பிறந்த மே 12-ந் தேதியை உலகமெங்கும் நர்சுகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

எல்லா ஆஸ்பத்திரிக்கும் நாய் வரப்போவதில்லை. ஆனால் சொந்தபந்தம் இல்லாத ஊரில் உடன் வேலை செய்கிறவர் படுத்துவிட்டால் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அம்மையார் விட்டுச்சென்ற யோசனை எளிது. கேள்விகளைக் குறைத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து வந்த நல்ல சேதி ஏதாவது இருந்தால் சொல்லலாம். இல்லாவிட்டால் கட்டிலோரம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். இடையனின் குடிசையில் அந்தப் பெண் செய்ததும் இதுதான்.