மெஷின் மாறியது, மேஸ்திரி மாறவில்லை!
கேரி கில்டால் வாழ்க்கை வரலாறு

கம்ப்யூட்டர் தானாக எந்த வேலையும் செய்யாது. நாம் தட்டும் எழுத்தை வாங்க வேண்டும். அதைப் பதிந்து வைக்க வேண்டும். கேட்கும்போது எடுத்துக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் மேற்பார்க்க உள்ளே ஒரு மேஸ்திரி இருக்கிறார். அவருக்கு "ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று பெயர்.

மெஷினை மாற்றினால் மேஸ்திரியையும் மாற்ற வேண்டும். புது மேஸ்திரி எங்கே தவறு செய்வாரோ என்று பயப்பட வேண்டும். சின்னக் கம்ப்யூட்டர்கள் வரத் தொடங்கிய காலத்தில் இதுதான் நிலைமை.

அதை மாற்றியவர் கேரி கில்டால்.

மாலுமிப் பள்ளிக்கூடம்

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் 1942-ம் ஆண்டு மே 19-ந் தேதி கில்டால் பிறந்தார். மாலுமிகளுக்குக் கப்பல் வித்தை சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தை அவர் குடும்பம் நடத்தியது. அவரும் வாத்தியார் ஆகவே விரும்பினார். கணக்கு வாத்தியார்!

ஆனால், பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதிலேயே மூழ்கிவிட்டார். 1972-ல் டாக்டர் பட்டம் பெற்றார். மான்டரே ஊரில் உள்ள கடற்படைக் கல்லூரியில் பாடம் நடத்தினார்.

அப்போது "இன்டெல்" கம்பெனி, விரல் நகம் அளவு சில்லில் கம்ப்யூட்டரின் மூளையை அடக்கி விற்றது. கில்டால் அந்தக் கம்பெனிக்கு ஆலோசகர் ஆனார். "பிளாப்பி" என்ற காந்தத் தட்டும் புதிதாக வந்திருந்தது. சில்லையும் தட்டையும் சேர்த்து வேலை வாங்க, 1974-ல் "சி.பி.எம்." என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதினார்.

இன்டெல் அதை வாங்கவில்லை! கில்டாலும் அவர் மனைவி டாரத்தியும் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள்.

துபாஷி வந்தார்

பல கம்பெனிகள் கம்ப்யூட்டர் செய்தன. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. ஒவ்வொன்றுக்கும் சி.பி.எம்.மைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. கில்டால் சலித்துப் போனார்.

ஒரு யோசனை செய்தார். மெஷினைத் தொட்டு வேலை செய்யும் வரிகளை மட்டும் தனியே பிரித்தார். அந்தச் சிறு பகுதிக்கு "பயாஸ்" என்று பெயர். அது ஒரு துபாஷி. மேஸ்திரி சொல்வதை அந்தந்த மெஷினுக்குப் புரியும்படி சொல்லும்.

மெஷின் மாறினால் துபாஷியை மாற்றினால் போதும். மேஸ்திரி அப்படியே இருப்பார். அவரிடம் ஒரு பிழையைத் திருத்தினால், எல்லா மெஷினுக்கும் திருத்தியது போலத்தான். புது மெஷின் தகராறு செய்தால் முதலில் துபாஷியைப் பார்க்கலாம். சி.பி.எம். சுமார் 3000 வகைக் கம்ப்யூட்டர்களில் ஓடியது.

கறாரான மேஸ்திரிதான். சொல்லாமல் தட்டை மாற்றினால் கண்டுபிடித்துவிடும், எழுத மறுக்கும். அதுவரை தட்டிய வேலை வீணாகிப் பலர் திட்டியது உண்டு. ஆனால், தட்டில் ஏற்கனவே இருந்த கணக்கு தப்பியது.

கை நழுவியது

1980-ம் ஆண்டு. பெரிய கம்பெனியான ஐ.பி.எம்., சி.பி.எம்.மைக் கேட்டு ஆள் அனுப்பியது. கில்டால் தன் விமானத்தில் வெளியூர் போயிருந்தார். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துக் கேட்டார்கள். டாரத்தி தயங்கினார். பேரம் படியவில்லை.

உல்லாசமாகப் பறந்துகொண்டிருந்து அதிர்ஷ்டத்தைக் கோட்டை விட்டார் என்று பின்னால் கதை கட்டினார்கள். இது அநியாயம். அவர் போனது வியாபார விஷயமாக.

ஐ.பி.எம். "மைக்ரோசாப்ட்" கம்பெனியிடம் போனது. மைக்ரோசாப்ட், சி.பி.எம்.மைப் பார்த்து இன்னொருவர் எழுதியிருந்த சிஸ்டத்தை விலைக்கு வாங்கிக் கொடுத்தது. கில்டால் கொதித்தார். சி.பி.எம்.மையும் விற்பதாக ஐ.பி.எம். ஒப்புக்கொண்டது. ஆனால், விலை? மைக்ரோசாப்ட் சரக்கு 40 டாலர். கில்டால் சரக்கு 240 டாலர். யார் வாங்குவார்கள்?

வேடிக்கை என்னவென்றால், ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு துபாஷி இருந்தது. அதன் பெயரும் "பயாஸ்"தான்!

கில்டால் டெலிவிஷனில் கம்ப்யூட்டர் நிகழ்ச்சி நடத்தினார். 1991-ல் கம்பெனி விற்கப்பட்டது. 1994-ம் ஆண்டு ஜூலையில் மான்டரேயில் விழுந்து தலையில் அடிபட்டார். 3 நாள் கழித்து, 11-ந் தேதி இறந்தார். வயது 52.

அவர் கம்பெனி நடத்திய பசிபிக் குரோவ் ஊரில், 2014-ல் ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள்.