பதினேழரை ரூபாய் சம்பளத்தில் ஒரு லீவ் வேகன்ஸி

எங்க வீடு வில்லாபுரம். பெரியார் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி கொஞ்ச தூரம் நடந்தா வடக்கு வெளி வீதி, அங்கதான் சேதுபதி பள்ளிக்கூடம். ஸ்கூல் படிக்கும்போது அந்த வழியா எத்தனையோ தடவை போயிருக்கேன். பாரதியார் அங்கே வேலை பார்த்தார்னு தெரியும், ஆனா எதுக்கு வந்தார்னு யோசிச்சதே இல்ல. இந்த பிளேஸ்மென்ட் சீசன்ல சீனியர்ஸ் எல்லாம் வேலையை விடலாமா வேண்டாமான்னு புலம்புறதைக் கேட்டப்போதான் யோசிச்சேன்.

1882 டிசம்பர் 11, எட்டயபுரத்தில் பிறந்தார். அப்பா சின்னசாமி ஐயர் பருத்தி ஆலை வைத்து, நஷ்டப்பட்டு, 1898-ல் இறந்துபோனார். அதற்கு முந்தைய வருஷமே பாரதிக்கு செல்லம்மாவோடு கல்யாணம் ஆகியிருந்தது. காசியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். இங்கிலீஷ், இந்தி, சமஸ்கிருதம் எல்லாம் கைவந்தது.

1902 வாக்கில் எட்டயபுரம் ஜமீன்தார் கூப்பிட, ஊருக்குத் திரும்பி அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலைன்னா என்ன? ஜமீன்தாருக்குப் பத்திரிகை வாசித்துச் சொல்லணும், பேச்சுத் துணையா இருக்கணும். பாஸ் ரசிச்சா நாமும் ரசிக்கணும், அவர் சும்மா இருந்தா நாமும் சும்மா இருக்கணும். கஷ்டமே இல்லாத வேலைதான், ஆனா அதுதான் அவருக்கு மூச்சு முட்டியது. பல வருஷம் கழிச்சு புதுச்சேரியில் இருந்தப்போ 'சின்னச் சங்கரன் கதை'ன்னு எழுத ஆரம்பித்தார். ஒரு ஜமீன்தாரையும் அவரைச் சுற்றி இருக்கும் கூட்டத்தையும் அதில் வச்சு செஞ்சிருப்பார். அது முடியாமலே நின்னுபோச்சு, ஆனா இருக்கிற வரை படிச்சாலே அரண்மனையில் அவர் என்ன பட்டிருப்பார்னு புரியும்.

1904-ல் வேலையை விட்டார். அந்த வருஷம்தான் மூத்த மகள் தங்கம்மாளும் பிறந்தாள். கையில் வேற பெரிய ஆஃபர் எதுவும் இல்ல. ஜூலையில் மதுரை 'விவேகபாநு' பத்திரிகையில் அவர் கவிதை ஒண்ணு வந்தது, அச்சில் வந்த முதல் கவிதை அதுதான்னு சொல்றாங்க. ஆகஸ்ட் 1-ஆம் தேதி சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழ் ஆசிரியர். அங்கிருந்த தமிழ்ப் பண்டிதர் அரசஞ்சண்முகனார் லீவில் போனதால் கிடைத்த இடம். சம்பளம் மாசம் 17 ரூபாய் 50 காசு. நவம்பர் 10-ல் அந்த வேலையும் முடிந்தது. மொத்தம் 102 நாள். கிட்டத்தட்ட நம்ம ஒரு செமஸ்டர், அவ்வளவுதான்.

அதே நவம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' பத்திரிகைக்கு உதவி ஆசிரியராக எடுத்துக்கொண்டார். 1878-ல் 'தி இந்து'வைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். நல்ல பாஸ், பாரதி நிறையக் கத்துக்கிட்டார். ஆனா வேலை பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. ஐயர் மிதவாதி, பாரதியோ திலகர் பக்கம். மனசுல இருக்கிறதை அங்கே முழுசா எழுத முடியல. 1906-ல் 'இந்தியா' வாரப் பத்திரிகை வந்த பிறகுதான் தன் இஷ்டத்துக்கு எழுதினார். அதன் விளைவா 1908-ல் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரிக்குப் போக வேண்டியதாச்சு. பத்து வருஷம் அங்கேயே.

எனக்கு நெருடுற இடம் இதுக்கு அப்புறம்தான். 1918-ல் திரும்பி வந்து, கடலூர் பக்கம் கைதாகி, விடுதலையாகி, செல்லம்மாவின் ஊரான கடையத்தில் இருந்தார். வருமானம் இல்ல. 1919-ல் எட்டயபுரம் ஜமீனுக்கே சீட்டுக்கவி எழுதி ஆதரவு கேட்டார். பதினஞ்சு வருஷம் முன்னாடி உதறிட்டு வந்த அதே அரண்மனைக்கு! கேட்டது கிடைக்கல.

1920-ல் மறுபடியும் சுதேசமித்திரனிலேயே உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அந்த வேலையில் இருக்கும்போதே 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணி வீட்டில் இறந்தார். வயசு 38.