ராக்லண்ட் ஐயர்

மிஷனெரிமாரின் ஊழியத்தை, அவர்கள் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தனர் என்னும் கணக்கைக் கொண்டு அளப்பது நம்மவர் வழக்கம். அவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், சிவகாசியில் உயிர் நீத்த தாமஸ் கஜெத்தான் ராக்லண்ட் ஐயரின் வாழ்க்கை பயனற்றதாகவே தோன்றும். அவ்வளவுகோல் சரியானதுதானா என்பதை அவர் சரிதத்தைக் கொண்டே ஆராய்வோம்.

இவர் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் ஜிப்ரால்ட்டரில் பிறந்தார். லிவர்பூல் நகரில் சில காலம் வணிக அலுவல் பார்த்த பின்னர்க் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை சென்று, 1841இல் கணிதப் பட்டத் தேர்வில் நான்காமவராகத் தேறினார். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அங்கேயே கல்விச் செல்வத்தில் திளைத்து வாழ்ந்திருக்கலாம். அவரோ 1845ஆம் ஆண்டின் இறுதியில் சர்ச் மிஷனெரி சங்கத்தின் ஊழியராய்ச் சென்னைக்குக் கப்பலேறினார். அங்குச் சங்கக் காரியதரிசியாகவும் பணியாற்றினார்.

திருநெல்வேலிச் சீமையின் தென்பாகத்தில் சபைகள் பெருகியிருந்தன. வடபாகமோ சுவிசேஷம் எட்டாத கரிசற்காடாயிருந்தது. ஆதலின் 1854இல் ஃபென், மெடோஸ் என்னும் இரு துணைவருடன் ராக்லண்ட் ஐயர் அப்பகுதிக்கு வந்தார். பட்டாசும் தீப்பெட்டியும் சிவகாசிக்குப் பெயர் தருவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முற்பட்ட காலம் அது. விருதுநகர் அன்று விருதுபட்டி. அவர்கள் பங்களா கட்டிக்கொண்டு ஓரிடத்தில் அமரவில்லை. கூடாரத்தில் தங்கி ஊர் ஊராய்ச் சென்றனர். தென்பாகத்துச் சபையார் தம் செலவிலேயே உபதேசிமாரை மாதந்தோறும் முறைவைத்து அனுப்பி உதவினர்.

தெற்கே ஊராரும் உறவினரும் கூட்டமாய் ஞானஸ்நானம் பெற்ற இடங்கள் பல. அங்கே விசுவாசிக்கு உறவு துணைநின்றது. வடக்கே ஒருவன் தனியே முன்வரின், வீடும் சாதியும் சொத்தும் இழக்க நேரும். விருப்போடு கேட்டவர்களும் நீரின் கரைவரை வந்து நின்றுவிட இதுவே பெருங்காரணம். ஐயர் உழைத்த நான்காண்டுகளில் ஞானஸ்நானம் பெற்றோர் மிகச் சிலரே. 1858ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், நுரையீரலில் இரத்தக் குழாய் வெடித்து, தமது 43ஆம் வயதில் சிவகாசியிலே காலமானார். சபைகள் வளர்ந்ததைக் காண அவர் இருந்திலர்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதே சிவகாசியில், இந்துக் குடும்பப் பெண்கள் சிலர் மிஷனெரிப் பெண்மணிகளிடம் வேதம் கற்று, ஞானஸ்நானம் பெறாமலே கிறிஸ்துவை அந்தரங்கமாய் வழிபட்டனர். நீரில் இறங்கினால் கணவனையும் பிள்ளைகளையும் பிரிய வேண்டும் என்பது அவர்கள் நிலை. இத்தகையோர்க்கு இரட்சிப்பு உண்டா?

நீரினாலும் ஆவியினாலும் பிறத்தல் வேண்டுமென ஆண்டவர் நிக்கொதேமுவுக்கு உரைத்தார். சிலுவையில் மனந்திரும்பிய கள்வனுக்கோ நீரின்றியே பரதீசு வாக்களித்தார். கொர்நேலியு வீட்டாருக்குப் பரிசுத்த ஆவி முன்னும் நீர் பின்னுமாக வந்தன. ஆயினும் ஆவி வந்துவிட்டதென்று பேதுரு நீரை விலக்கினாரல்லர். ஐயர் சார்ந்த ஆங்கிலிக்கன் சபையின் ஜெப புத்தகமும், பெறக்கூடிய இடத்தில் இச்சடங்கு மிக அவசியமென்றே போதிக்கிறது. பெற இயலாதவரை அது தண்டனைக்கு ஒப்புவிக்கவில்லை.

ஆகவே, இரட்சிப்பவர் கிறிஸ்து. நீர் அவர் நியமித்த அடையாளம். தடையற்றிருந்தும் அதனை அற்பமாய் எண்ணுபவன் அவர் கட்டளையை மீறுகிறான். தடையால் கரையிலே நிற்பவரின் விசுவாசத்தை அளக்கும் அதிகாரம் நமக்கில்லை. ஞானஸ்நானம் கொடுப்பதற்கன்று, சுவிசேஷத்தை அறிவிப்பதற்கே தாம் அனுப்பப்பட்டதாகப் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். ராக்லண்ட் ஐயரின் ஊழியமும் அத்தகையதே.

மாணவ நண்பர்காள்! நம்மிற் பலர் தாய் மடியிலிருந்தே, ஒன்றும் இழவாமல், ஞானஸ்நானம் பெற்றோம். அதற்காகக் குடும்பத்தையே இழக்க வேண்டியிருந்தோரை விசுவாசமற்றவரென்று இகழ நமக்கு உரிமை ஏது? எளிதில் பெற்ற நாம் அதற்கேற்ப நடக்கிறோமா என்பதே நாம் ஆராய வேண்டுவது.