சிரிப்பும் ஒரு சாட்டை

1889-இல் பிறந்த சார்லி சாப்ளினுக்கு ஏழு வயதிலே லண்டன் ஏழைகள் விடுதிதான் வீடு! கந்தல் கோட்டு அவர் வாழ்ந்து பார்த்த வறுமை, தோழர்களே!

1921-இல் 'தி கிட்': கைவிடப்பட்ட குழந்தை. 1925-இல் 'தி கோல்ட் ரஷ்': பொன் தேடிப் போனவன் பசியால் பூட்சை வேகவைத்துத் தின்கிறான். 1936-இல் 'மாடர்ன் டைம்ஸ்': மரை முடுக்கி முடுக்கியே சித்தம் கலங்கிய தொழிலாளியை எந்திரம் விழுங்குகிறது. 1940-இல் 'தி கிரேட் டிக்டேட்டர்': இட்லர் இறுமாந்திருந்த நாளிலேயே அவனை எள்ளி நகையாடினார்.

களம் வேறு, கதை வேறு. கரு ஒன்றே: எளியவன் படும் பாடு!

ஆதிக்கம் பொறுக்குமா? 1952-இல் லண்டனுக்குக் கப்பலேறியவருக்குக் கதவடைத்தது அமெரிக்கா. அதே அமெரிக்காவே 1972-இல் அழைத்து ஆஸ்கர் அளித்தது. 1977-இல் மறைந்தார்.

கொட்டகையிலே குலுங்கிச் சிரித்தோம். எந்திரத்தில் சிக்கியவன் நாமே என்று எண்ணினோமா?