உதிரி பாகங்களில் உருவான பந்தயக் கார்: சோய்சிரோ ஹோண்டாவின் வாழ்க்கைப் பயணம்

இந்தியச் சாலைகளில் நாள்தோறும் கண்ணில் படும் வாகனப் பெயர்களுள் ஒன்று ஹோண்டா. அது ஒரு நிறுவனத்தின் பெயர் என்பது அனைவருக்கும் தெரியும். ஜப்பானியக் கொல்லர் ஒருவரின் மகனுடைய குடும்பப் பெயர் அது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். பொறியியல் பட்டம் பெறாத அந்த மனிதர், தம் இளமையை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பாகங்களை இணைத்து ஓடவைப்பதில் செலவிட்டார். விமானத்தின் என்ஜினைக் காரில் ஏற்றினார். ராணுவ வானொலிக் கருவியின் என்ஜினை சைக்கிளில் பொருத்தினார். அந்தப் பழக்கம் அவருக்கு வெற்றியைத் தந்தது. ஒருமுறை, உடன்பிறந்த தம்பியின் உயிரையே பறிக்கும் நிலைக்கும் கொண்டுபோனது.

சோய்சிரோ ஹோண்டா 1906-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் தேதி, ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில், இன்றைய ஹமமாட்சு நகரின் எல்லைக்குள் இருக்கும் கோமியோ கிராமத்தில் பிறந்தார். தந்தை கிஹெய் கொல்லர். பின்னர் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையும் நடத்தினார். தாய் மிகா நெசவில் தேர்ந்தவர். உலைக்களமும் சம்மட்டி ஓசையும் சிறுவனுக்குப் பிறந்த நாள் முதலே பழகியிருந்தன.

கிராமத்துக்கு முதன்முதலாக ஃபோர்டு கார் வந்தபோது சிறுவன் அதன் பின்னால் ஓடினான். கார் நின்ற இடத்தில் சிந்திக்கிடந்த எண்ணெயின் மணத்தை மண்ணோடு முகர்ந்து பார்த்தான். 1917-இல் அமெரிக்க விமானி ஆர்ட் ஸ்மித் ஹமமாட்சுவில் விமான சாகசம் நிகழ்த்தினார். தந்தையின் சைக்கிளை எடுத்துக்கொண்டு சோய்சிரோ அங்கு சென்றான். நுழைவுக் கட்டணத்துக்குப் போதிய பணம் இல்லாததால் மரத்தின்மேல் ஏறிக் காட்சியைக் கண்டான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1922-இல், 15 வயதில், டோக்கியோவின் ஹோங்கோ பகுதியில் இருந்த ஆர்ட் ஷோகாய் என்ற கார் பழுதுபார்க்கும் பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அதன் உரிமையாளர் யூசோ சகாகிபாரா. தொடக்க மாதங்களில் பட்டறையைக் கூட்டிப் பெருக்குவதும் உரிமையாளரின் குழந்தையைக் கவனித்துக்கொள்வதுமே சோய்சிரோவின் வேலையாக இருந்தன. ஊர் திரும்பிவிடலாமா என்று அவர் பலமுறை எண்ணியதுண்டு. ஆயினும் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் வேலை குவிந்தபோது, உதவிக்கு வருமாறு அவருக்கும் அழைப்பு வந்தது. அன்று முதல் அவர் மெக்கானிக் ஆனார்.

விமான என்ஜின் பொருத்திய கார்

சகாகிபாராவுக்குக் கார் பந்தயத்தில் பெரும் ஈடுபாடு இருந்தது. புதிய பந்தயக் காரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் அளவுக்குப் பட்டறையில் பணம் இல்லை. எனவே கிடைத்த பாகங்களைக் கொண்டே கார் கட்டுவது என்று முடிவாயிற்று. அமெரிக்காவின் மிட்செல் காரின் அடிச்சட்டம் ஒன்று கிடைத்தது. என்ஜினோ கர்டிஸ் விமானத்துக்கு உரியது. அது 8 சிலிண்டர்களும் 8 லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவும் கொண்டது. நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுழற்சிகளில் ஏறத்தாழ 90 குதிரைத்திறன் தரக்கூடியது.

காகிதத்தில் எளிதாகத் தோன்றும் இத்தகைய இணைப்பு, பட்டறையில் கடினமானது. விமான என்ஜின் உந்துவிசிறியைச் சுழற்றுவதற்காக உருவானது. அது ஏறத்தாழ ஒரே வேகத்தில் நெடுநேரம் இயங்கும். காரிலோ ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்து மீண்டும் கூட வேண்டும். என்ஜினைத் தாங்கும் பிடிமானங்கள், கிளட்ச் இணைப்பு, குளிரூட்டும் ஏற்பாடு என எதுவும் ஆயத்தமாகக் கிடைக்காது. ஒவ்வொன்றையும் அளந்து புதிதாகச் செய்ய வேண்டும். சக்கரங்களுக்கான மர ஆரங்களை சோய்சிரோ தம் கையாலேயே செதுக்கினார்.

1924 நவம்பர் 23-ஆம் தேதி சுருமியில் நடந்த ஜப்பான் கார் பந்தயத்தில் இந்தக் கார் முதலிடம் பெற்றது. ஓட்டியவர் உரிமையாளரின் தம்பி ஷினிச்சி சகாகிபாரா. உடன் அமர்ந்து சென்ற மெக்கானிக், 18 வயதை அப்போதுதான் எட்டியிருந்த சோய்சிரோ. நூறாண்டைக் கடந்த அந்தக் கார் இன்றும் ஜப்பானின் மோட்டெகி நகரிலுள்ள ஹோண்டா அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

1928-இல் அவர் ஹமமாட்சுவுக்குத் திரும்பி ஆர்ட் ஷோகாயின் கிளையைத் தொடங்கினார். தொழில் செழித்தது. ஆனால் பந்தய ஆசை தணியவில்லை.

நதிக்கரையில் நேர்ந்த விபத்து

1936-ஆம் ஆண்டு டோக்கியோவை அடுத்த தாமா நதிக்கரையில், ஜப்பானின் முதல் நிரந்தரக் கார் பந்தயத் திடல் திறக்கப்பட்டது. ஜூன் 7-ஆம் தேதி நடந்த தொடக்கப் பந்தயத்துக்காக சோய்சிரோ கட்டிய காரின் பெயர் ஹமமாட்சு. அதன் அடிப்படை ஃபோர்டு என்ஜின். அதனுடன் சூப்பர்சார்ஜரை அவர் இணைத்திருந்தார்.

என்ஜினில் எரிபொருள் எரிவதற்குக் காற்று தேவை. உள்ளிழுக்கும் காற்றின் அளவே அது தரக்கூடிய ஆற்றலின் எல்லையைத் தீர்மானிக்கிறது. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தினால் அதே சிலிண்டரில் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். இதற்கான அழுத்தியை என்ஜினின் சுழற்சியைக் கொண்டே இயக்கினால் அது சூப்பர்சார்ஜர். வெளியேறும் புகையின் விசையைக் கொண்டு இயக்கினால் அது டர்போசார்ஜர். இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான். கூடுதல் ஆற்றலோடு கூடுதல் வெப்பமும் அழுத்தமும் வருகின்றன. சாதாரணப் பயணத்துக்காக வார்க்கப்பட்ட பிஸ்டனும் வளையங்களும் வால்வுகளும் அச்சுகளும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். ஒரு பாகத்தை வலுவாக்கினால், சுமை அடுத்த பாகத்துக்குச் செல்லும்.

அன்று என்ஜின் அவரைக் கைவிடவில்லை. கார் பெரும் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது குறுக்கே வந்த மற்றொரு கார் மீது மோதி அது தூக்கி எறியப்பட்டது. சோய்சிரோவும், உடன் சென்ற தம்பி பெஞ்சிரோவும் வெளியே வீசப்பட்டனர். அண்ணன் பிழைத்தெழுந்தார். தம்பிக்கு முதுகெலும்பு முறிந்தது. உயிர் தப்பினாலும் பெஞ்சிரோ நெடுநாள் துன்புற நேர்ந்தது. சோய்சிரோ காரோட்டியாகப் பந்தயத்தில் இறங்கிய காலம் விரைவில் முடிவுக்கு வந்தது.

ஐம்பதில் மூன்று

பழுதுபார்க்கும் தொழிலில் பிறர் செய்த பொருளைத்தான் சீராக்க முடியும். தாமே ஒரு பொருளைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இந்தக் காலத்தில் வலுப்பெற்றது. அவர் தேர்ந்தெடுத்தது பிஸ்டன் வளையம். சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே அழுத்தம் கசியாமல் காக்கும் அந்தச் சிறு இரும்பு வளையத்தை எளிதாக வார்த்துவிடலாம் என்று அவர் கருதினார்.

பட்டறை அனுபவம் அங்கே பயன்படவில்லை. வார்த்த வளையங்கள் முறிந்தன. வளைந்து கொடுக்க வேண்டிய இடத்தில் விறைத்து நின்றன. இரவு பகலாக உழைத்தும் பயன் இல்லை. இறுதியில் ஹமமாட்சு தொழில்நுட்பக் கல்வி நிலையத்தை நாடினார். வளையத்தில் சிலிக்கான் போதிய அளவில் இல்லை என்பது அங்குதான் தெரியவந்தது. முப்பது வயதுக் கடைக்காரர், இளம் மாணவர்களோடு வகுப்பில் அமர்ந்து உலோகவியல் கற்றார்.

டொயோட்டா நிறுவனத்துக்கு அவர் தேர்ந்தெடுத்து அனுப்பிய 50 வளையங்களில் தரச் சோதனையில் தேறியவை 3 மட்டுமே. இந்தத் தோல்வி அவருடைய தொழில் வாழ்க்கையின் திருப்புமுனை. ஒரு பாகத்தைப் பட்டறையில் தேய்த்துத் தட்டிப் பொருத்துவது வேறு. ஆயிரக்கணக்கான பாகங்களை ஒரே அளவில் செய்வது வேறு என்பதை அவர் உணர்ந்தார். பல்வேறு ஆலைகளுக்குச் சென்று உற்பத்தி முறைகளைக் கற்றார். பின்னர் அவருடைய டோகாய் செய்கி நிறுவனம் டொயோட்டாவுக்கு வளையங்களைத் தொடர்ந்து வழங்கியது.

இரண்டாம் உலகப் போர் அந்த வளர்ச்சியைச் சிதைத்தது. ஒரு தொழிற்சாலை குண்டுவீச்சில் அழிந்தது. மற்றொன்று 1945 ஜனவரியில் ஏற்பட்ட மிகாவா நிலநடுக்கத்தில் இடிந்தது. எஞ்சியதை டொயோட்டாவுக்கு 4 லட்சத்து 50 ஆயிரம் யென்னுக்கு விற்றுவிட்டு ஓராண்டு ஓய்வெடுத்தார்.

வானொலி என்ஜினும் வெந்நீர்க் கலனும்

போருக்குப் பிந்தைய ஜப்பானில் ரயில்கள் நிரம்பி வழிந்தன. உணவு தேடி மக்கள் நெடுந்தொலைவு சைக்கிள் மிதித்தனர். 1946-இல் நண்பர் ஒருவரின் வீட்டில் சோய்சிரோ ஒரு சிறிய என்ஜினைக் கண்டார். அது ராணுவத்தின் வானொலிக் கருவிக்கு மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டது. அதைச் சைக்கிளில் பொருத்தினார். முதல் மாதிரியில் எரிபொருள் கலனாகப் பயன்பட்டது, குளிர்காலப் படுக்கையில் வைக்கும் வெந்நீர்க் கலன். ஓட்டிப் பார்க்கும் பொறுப்பு மனைவி சாச்சிக்கு வந்தது. என்ஜினிலிருந்து தெறித்த எண்ணெய் தம் உடையைப் பாழாக்குவதை அவர் சுட்டிக்காட்டினார், குறை சரிசெய்யப்பட்டது.

ஏறத்தாழ 500 பழைய என்ஜின்களை வாங்கி, ஒவ்வொன்றையும் பிரித்துச் சீராக்கி, சோதித்த பின்னரே சைக்கிளில் ஏற்றி விற்றார். பெட்ரோல் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, பைன் மரத்திலிருந்து எடுத்த டர்பன்டைனும் எரிபொருளில் கலக்கப்பட்டது. என்ஜின்கள் தீர்ந்ததும் சொந்த என்ஜினை வடிவமைத்தார். 1948 செப்டம்பர் 24-ஆம் தேதி 10 லட்சம் யென் மூலதனத்தில் ஹோண்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது. மறு ஆண்டு டாகேயோ ஃபுஜிசாவா இணைந்தார். தொழில்நுட்பம் சோய்சிரோவிடமும், நிதியும் விற்பனையும் ஃபுஜிசாவாவிடமும் இருந்தன. 1958-இல் வெளிவந்த சூப்பர் கப், உலகில் மிக அதிகமாக விற்பனையான மோட்டார் வாகனமாகப் பின்னாளில் வளர்ந்தது.

பிடிவாதத்தின் விலை

1963-இல் கார் உற்பத்தியில் இறங்கிய ஹோண்டா, அடுத்த ஆண்டே ஃபார்முலா 1 பந்தயத்தில் நுழைந்தது. 1965-இல் மெக்சிகோவில் முதல் வெற்றி கிட்டியது. ஆனால் சோய்சிரோவின் உறுதியே சில வேளைகளில் பிடிவாதமாக மாறியது. என்ஜினை நீரால் அன்றிக் காற்றால் குளிரூட்டுவதே சிறந்தது என்று அவர் நம்பினார். அந்த முறையில் உருவான ஆர்ஏ302 பந்தயக் காரைப் பாதுகாப்பற்றது என்று கருதி அணியின் முன்னணி வீரர் ஜான் சர்டீஸ் ஓட்ட மறுத்தார். 1968 ஜூலை 7-ஆம் தேதி பிரான்சின் ரூவான் திடலில் அதை ஓட்டிய ஜோ ஷ்லெஸ்ஸர் விபத்தில் சிக்கித் தீயில் உயிரிழந்தார். அந்த ஆண்டின் இறுதியில் ஹோண்டா ஃபார்முலா 1-இலிருந்து விலகியது.

அதன் பிறகும் சாலைக் கார்களில் காற்றுக் குளிரூட்டலை அவர் கைவிடவில்லை. புகை மாசுக் கட்டுப்பாடு வரவிருக்கும் காலத்தில் அது பயன்படாது என்று இளம் பொறியாளர்கள் வாதிட்டனர். தலைவராக இருப்பதா, பொறியாளராக இருப்பதா என்பதை முடிவு செய்யுமாறு ஃபுஜிசாவா அவரிடம் கேட்டுக்கொண்டார். சோய்சிரோ விட்டுக்கொடுத்தார். அந்த இளைஞர்கள் உருவாக்கிய சிவிசிசி என்ஜின் 1972-இல் அமெரிக்காவின் கடுமையான மாசுக் கட்டுப்பாட்டு விதிகளை நிறைவு செய்தது. தம்மைவிட அவர்கள் சரியாகச் சிந்திக்கிறார்கள் என்பதை ஏற்றுக்கொண்ட அவர், 1973-இல் ஃபுஜிசாவாவுடன் சேர்ந்து ஓய்வு பெற்றார்.

அவர் காண வாய்த்த டர்போ காலம்

தாமா நதிக்கரையில் அவர் முயன்ற தத்துவம், அரை நூற்றாண்டுக்குப் பின் அவர் பெயர் தாங்கிய நிறுவனத்துக்கு உச்சப் புகழைத் தந்தது. 1983-இல் ஃபார்முலா 1-க்குத் திரும்பிய ஹோண்டா, 1.5 லிட்டர் டர்போ என்ஜின்களை வழங்கியது. 1924-இன் கர்டிஸ் என்ஜினின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான அவற்றின் ஆற்றல் 1987-இல் சுமார் 1,000 குதிரைத்திறனை எட்டியது. 1986, 1987 ஆண்டுகளில் வில்லியம்ஸ் அணியும், 1988-இல் மெக்லாரன் அணியும் இந்த என்ஜின்களால் அணிகளுக்கான பட்டம் வென்றன. 1988-இல் நடந்த 16 பந்தயங்களில் 15-இல் மெக்லாரன்-ஹோண்டா வென்றது. அடுத்த ஆண்டு முதல் டர்போ என்ஜின்களுக்குத் தடை விதிக்கப்பட்டது.

அதே காலகட்டத்தில்தான் இந்தியாவுடனான தொடர்பும் தொடங்கியது. 1984-இல் ஹீரோ குழுமத்துடன் கூட்டு நிறுவனம் அமைந்தது. 1985-இல் ஹரியாணாவின் தாருஹேரா ஆலையிலிருந்து வந்த சிடி 100, குறைந்த பெட்ரோலில் நெடுந்தொலைவு செல்லும் நான்கு ஸ்ட்ரோக் பைக்காக இந்தியக் குடும்பங்களிடையே இடம் பிடித்தது.

1989-இல் அமெரிக்காவின் ஆட்டோமோட்டிவ் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பு சோய்சிரோவைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெருமை பெற்ற முதல் ஜப்பானியர் அவரே. 1991 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, கல்லீரல் செயலிழப்பால் டோக்கியோவில் காலமானார். அவருக்கு வயது 84. கார் செய்யும் தொழிலில் இருந்தவரின் இறுதிச் சடங்கால் போக்குவரத்து நெரிசல் ஏற்படக் கூடாது என்பது அவர் விருப்பம். அதனால் நிறுவனத்தின் சார்பில் பெரிய இறுதிச் சடங்கு நடைபெறவில்லை. ஊழியர்களும் பொதுமக்களும் ஹோண்டா அலுவலகங்களில் கூடி அவருக்கு நன்றி செலுத்தினர்.