கண்ணிலும் மூளையிலும் கட்டி... ஒரே நோய் என்று கண்டவர்! யார் இந்த ஆர்விட் லிண்டாவ்?

பரம்பரையாக வரும் புற்றுநோய்களில் 'வி.எச்.எல்.' என்று ஒன்று உண்டு. ஃபான் ஹிப்பல், லிண்டாவ் என்ற இரண்டு டாக்டர்களின் பெயர்களைச் சுருக்கி வைத்த பெயர் அது. இதில் லிண்டாவ், ஸ்வீடன்காரர்.

1892-ல் மால்மோ நகரில் பிறந்த ஆர்விட் லிண்டாவ், லுண்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து நோயியல் நிபுணர் ஆனார். சிறுமூளையில் வரும் நீர்க்கட்டிகள்தான் அவருடைய ஆய்வு. ஸ்கேன் எல்லாம் இல்லாத காலம். இறந்தவர்களின் உறுப்புகளைப் பரிசோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்ன கண்டுபிடித்தார்?

விழித்திரையில் ரத்தக்குழாய்கள் கட்டியாகத் திரள்வதை ஜெர்மனி கண் டாக்டர் ஆய்கன் ஃபான் ஹிப்பல் 1904-லேயே எழுதியிருந்தார். அது கண்ணோடு முடிகிற விஷயம் இல்லை என்று 1926-ல் காட்டியவர் லிண்டாவ். சிறுமூளைக் கட்டி, சிறுநீரகம், கணையத்தில் வரும் கட்டிகள் எல்லாமே ஒரே நோயின் கிளைகள் என்றார். அதாவது, கண்ணுக்கு மட்டும் வைத்தியம் பார்த்து அனுப்பிவிட்டால் மூளையில் வளரும் கட்டி தெரியாமலே போய்விடும்!

காரணம் என்ன?

லிண்டாவ் 1958-ல் காலமானார். நோய்க்குக் காரணமான மரபணு 1993-ல்தான் பிடிபட்டது. அது உருவாக்கும் வி.எச்.எல். புரதம், 'யுபிக்விட்டின் லிகேஸ்' என்ற கூட்டணியில் ஓர் உறுப்பினர். செல்லுக்குள் எந்தப் புரதத்தை அழிக்கணும்னு ஆளைக் காட்டிக்கொடுப்பதுதான் இதன் வேலை. அது காட்டும் புரதத்தின் மேல் கூட்டணி 'யுபிக்விட்டின்' சீட்டை ஒட்டிவிடும். சீட்டு விழுந்த புரதம் அழிக்கப்படும்.

ஆக்சிஜன் குறைந்தால் புது ரத்தக்குழாய்களை வளர்க்கச் சொல்லும் புரதம் 'எச்.ஐ.எஃப்.'. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது வி.எச்.எல். அதைக் காட்டிக்கொடுத்து அழிக்க வைக்கும். வி.எச்.எல். பழுதானால் எச்.ஐ.எஃப். தப்பிவிடும். தேவையே இல்லாமல் ரத்தக்குழாய்கள் பெருகும். லிண்டாவ் பார்த்த கட்டிகள் ரத்தக்குழாய் மயமாக இருந்தது இதனால்தான்.

இப்போது என்ன பயன்?

செல்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2019-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் வில்லியம் கேலின், வி.எச்.எல். புரதத்தை ஆராய்ந்தவர். எச்.ஐ.எஃப்.-2 புரதத்தைத் தடுக்கும் 'பெல்சுட்டிஃபான்' மாத்திரைக்கு 2021-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50% வாய்ப்பு. அதனால் ஒருவருக்கு நோய் உறுதியானால் குடும்பத்தினருக்கும் மரபணுப் பரிசோதனை செய்யப்படுகிறது. பழுதான மரபணு இருப்பவர்களுக்குக் கண், மூளை, சிறுநீரகம் என எல்லாவற்றையும் அவ்வப்போது பார்க்கிறார்கள். எல்லாம் ஒரே நோய் என்று லிண்டாவ் காட்டியதன் பலன் இது.